பூப்பெயரும் வீட்டுக்கணக்கும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் நினைவாக அவருடைய பிள்ளைகள் வைத்த அறக்கட்டளை இது. ஆகவே பெரிய இலக்கியத் தலைப்பு எதையும் நான் தேடவில்லை. அந்த அம்மையார் வேலை பார்த்த காலமெல்லாம் நாள்தோறும் கையாண்ட ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன். வீட்டுப்பாடம்தான் அது. இந்தப் பொருளில் எனக்கு ஒரு பழைய கடனும் இருக்கிறது. இன்று அதைத் தீர்க்கப் பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தக்கலைக்கு வடக்கே மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் பட்டிமன்றத்துக்கு நடுவராக என்னை அழைத்திருந்தார்கள். 'பள்ளிகள் வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டுமா?' என்பது தலைப்பு. ஒட்டிப் பேச மூன்று பேர், வெட்டிப் பேச மூன்று பேர். எல்லோரும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து, கையை நீட்டி மடக்கி, திருக்குறள் ஒன்றைச் சேர்த்து நன்றாகவே பேசினார்கள். இரண்டு பேருக்கு மட்டும் நடுவில் பாடம் மறந்துபோயிற்று. அந்த இருவர் சொன்னதுதான் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

வெட்டிப் பேசிய பையன் ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு வீட்டுப் பேச்சுக்கு இறங்கிவிட்டான். "கணக்கு எனக்கு வகுப்பிலயே விளங்கல்ல சார். வீட்டுல ஆருகிட்ட கேக்க? அப்பா வெளுக்கதுக்கு முந்தி ரப்பர் வெட்டப் போவாவ, ராத்திரி எட்டு மணிக்கே உறங்கிருவாவ. அம்மை அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போயிட்டு வந்து சோறு வைக்கணும். நான் மறுநாள் பஸ்ஸுல வச்சு ஒருத்தனுக்க நோட்டப் பாத்து எழுதுவேன். அதுக்கும் சரின்னு சிவப்பு மையில போட்டுத் தருவாங்க." அரங்கு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

ஒட்டிப் பேசிய ஒரு பெண்பிள்ளைக்கும் இதே கதைதான். குறளுக்குப் பிறகு வரவேண்டிய வரி வரவில்லை. அவள் சொன்னாள்: "வீட்டுப்பாடம் வேணும் நடுவர் அவர்களே. நோட்ட விரிச்சு வச்சிருந்தாத்தான் 'அவ படிக்கா, கூப்பிடாண்டாம்'னு பாட்டி சொல்லுவா. நோட்ட மூடுனா பாத்திரம், தண்ணி, தங்கச்சிக்குச் சோறு குடுக்கணும். அண்ணனுக்கு வீட்டுப்பாடம் இல்லேன்னா விளையாடப் போவான். எனக்கு இல்லேன்னா வேலதான்."

இந்த இரண்டையும் கேட்டபிறகு நான் என்ன தீர்ப்புச் சொன்னேன் தெரியுமா? வீட்டுப்பாடம் வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும் என்றேன். கை தட்டினார்கள். பரிசு கொடுத்துவிட்டு நாகர்கோவில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனசு உறுத்தியது. நான் சொன்ன 'அளவு' அந்தப் பையனுக்கும் பதிலில்லை, அந்தப் பெண்ணுக்கும் பதிலில்லை. பத்துக் கணக்கை ஐந்தாகக் குறைத்தால் அவனுக்கு விளங்கிவிடுமா? ஐந்தாகக் குறைத்தால் அவளுக்குக் கிடைக்கும் நேரமும் பாதியாகுமே.

நம் குமரி மாவட்டத்தில் படிப்பு என்பது எவ்வளவு பெரிய ஆசை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் பள்ளி தொடங்கியது 1809-இல். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கட்டளையிட்டது 1817-இல். இருநூறு ஆண்டுப் பசி இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் முதலிடம். இந்தப் பெருமைக்கு உரியவர்கள் பட்டினி கிடந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்தகப்பன்மார். அவர்களுக்கு வீட்டுப்பாடம் என்பது பள்ளி ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம். பிள்ளை சாயங்காலம் நோட்டை விரிக்காவிட்டால், "அங்க ஒண்ணும் சொல்லிக்குடுக்கதில்ல" என்று டி.சி. வாங்கிப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். ஆசிரியர் வேண்டாம் என்று நினைத்தாலும் தலைமையாசிரியர் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

வீட்டுக்கு ஏதாவது சொல்லி அனுப்பும் வழக்கம் வெள்ளைக்காரன் பள்ளிக்கும் முந்தியது. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தாம் சிறுவயதில் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மாலையில் பிள்ளைகளை விடும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரையோ, பறவையின் பெயரையோ, ஓர் ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவாராம். மறுநாள் அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். ஞாபக சக்திக்கான பயிற்சி அது. அந்தத் திண்ணையில் பிரம்படியும் இருந்தது, விடியுமுன் எழுந்து வரும் கொடுமையும் இருந்தது. அதையெல்லாம் நான் கொண்டாடவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனது ஒரே ஒரு பூப்பெயர். அதற்கு மேசை வேண்டாம், விளக்கு வேண்டாம், படித்த தகப்பன் வேண்டாம். போகிற வழியில் அந்தப் பூவைப் பார்க்கலாம். பாட்டியிடம் கேட்டால் அவள் இன்னும் நாலு பூ சொல்வாள்.

தோவாளைக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். பூச்சந்தை இருக்கும் ஊர். பிச்சியும் கேந்தியும் அரளியும் விடியுமுன் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. சரம் கட்டும் வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பூவும் அளவும் விலையும் விரல்நுனியில் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் நோட்டைத் திறந்து பாருங்கள், அவள் கையறிந்த பூ ஒன்றாவது அதில் இருக்கிறதா?

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் நெல் விளையும் பக்கத்தில் பிறந்தவன். கும்பப்பூப் போகத்து அறுப்படிப்பு வந்தால் வீட்டுக்குள் மனிதர் இருக்க இடமில்லை, நெல்தான் இருக்கும். எட்டு வயதில் களத்தில் உட்கார்ந்து பொலி அளக்கும்போது எண்ணிக்கை சொல்வது என் வேலை. ஒன்று என்று சொல்லக் கூடாது, 'லாபம்' என்று தொடங்க வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்று போய், இருபத்தொரு மரக்கால் ஆனால் ஒரு கோட்டை. எத்தனை கோட்டை, அதில் அறுத்தவர்களுக்குக் கொத்து எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, எல்லாம் மனக்கணக்கு. தப்பினால் பெரியவர்கள் அங்கேயே திருத்துவார்கள். அப்படி ஒரு ராத்திரி களத்தில் கண்விழித்துவிட்டு மறுநாள் பள்ளிக்குப் போனேன். வீட்டுக்கணக்குப் பத்தும் செய்யவில்லை. உள்ளங்கையில் அடி விழுந்தது. அந்த ஆசிரியர்மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. நான் முந்தின ராத்திரி எத்தனை பெருக்கல், எத்தனை கழித்தல் போட்டேன் என்று அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இருபத்தொன்றாம் வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அந்தப் பத்துக் கணக்கு என்னவென்றே நினைவில்லை.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் இளமையை எண்ணிப் பாருங்கள். 1876-இல் தேரூரில் பிறந்தார். அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதி. ஆகவே பள்ளியில் அவர் படித்தது மலையாளம். தமிழைப் பள்ளிக்கு வெளியே, வாணன்திட்டு மடத்தில் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றுக்கொண்டார். பள்ளி விட்ட பிறகு அந்தப் பையனுக்குப் பொழுது மிச்சம் இருந்தது, ஊரில் ஒரு தம்பிரான் இருந்தார். குழந்தைகளுக்குப் பாடிய கவிமணி இப்படித்தான் நமக்குக் கிடைத்தார். இன்று தேரூரில் ஒரு பையன் பள்ளி விட்டு வந்தால் டியூஷன், டியூஷன் விட்டால் வீட்டுப்பாடம், அது முடிந்தால் உறக்கம். அவன் எந்தத் தம்பிரானிடம் எப்போது போவான்?

இனி அரசும் நீதிமன்றமும் சொன்னதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1989-இல் மாநிலங்களவையில் ஆர்.கே.நாராயண் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை பற்றிப் பேசினார். நியமன உறுப்பினரான அந்த எழுத்தாளர் தமக்குக் கிடைத்த நேரத்தை முதுகு வளைந்த குழந்தைகளுக்காகச் செலவிட்டார். பிறகு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது. 1993-இல் வந்த அதன் அறிக்கை, தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடமே கூடாது என்றது. ஒரே ஒரு விலக்குத்தான் கொடுத்தது: வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பிள்ளை தானே ஆராய்ந்து பார்ப்பதற்கான வேலை இருக்கலாம். மேல் வகுப்புகளிலும் தேவைப்பட்டால் மட்டும், அதுவும் பாடநூலைச் சாராததாக இருக்க வேண்டும் என்றது. திண்ணை உபாத்தியாயரின் பூப்பெயர் டெல்லி அறிக்கைக்குள் திரும்பி வந்ததுபோல எனக்குத் தோன்றும்.

அறிக்கை வந்து 25 ஆண்டுகள் கழித்து, 2018 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பான வழக்கு அது. அதே ஆண்டு மத்திய அரசும் மாநிலங்களுக்கு அப்படியே எழுதியது. 2020-இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை கணக்கே போட்டுக் கொடுத்தது. இரண்டாம் வகுப்பு வரை கிடையாது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் இரண்டு மணி நேரம். நன்றாகக் கவனியுங்கள், மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு *வாரத்துக்கு* இரண்டு மணி நேரம். நம் வீடுகளில் அது ஒரே ராத்திரியில் கழிந்துவிடுகிறது.

உலகத்தில் இது நமக்கு மட்டும் வந்த வழக்கு இல்லை. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரான்சு நாட்டில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் எழுதும் வேலை கொடுக்கக் கூடாது என்று அரசு சுற்றறிக்கை விட்டது. பள்ளிகள் கேட்கவில்லை, அதனால் அந்த அரசு அதே தடையைத் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டிவந்தது. 2012-இல் பல நாடுகளில் நடந்த பீசா (PISA) தேர்வில் பதினைந்து வயது மாணவர்களை விசாரித்தபோது, ஷாங்காய்ப் பிள்ளைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வீட்டுப்பாடம் செய்ததாகவும், பின்லாந்துப் பிள்ளைகள் 3 மணி நேரத்துக்கும் குறைவாகவே செய்ததாகவும் தெரிந்தது. அந்த ஆய்வில் என்னை உலுக்கிய செய்தி வேறு. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளைவிட வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அதிகமாக வீட்டுப்பாடத்தில் செலவிட்டார்கள். அமைதியான அறையும் கேட்டுச் சொல்ல ஆளும் இருக்கும் வீடு முன்னே போகிறது. நம் மலையடிவாரத்துப் பையன் மேடையில் சொல்லாமல் சொன்னதும் இதுதான். அமெரிக்காவில் ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் எழுதினார். உயர் வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு தெரிகிறது, சிறு வகுப்புகளில் அது மிகவும் மெலிது என்றார். சிறு வகுப்புகளில் நாம் இவ்வளவு பாடுபடுத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

ஆசிரியர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். 34 ஆண்டுகள் நானும் சிவப்புப் பேனா பிடித்தவன். மூன்று பிரிவு, பிரிவுக்கு நாற்பது பிள்ளை, 120 நோட்டு. நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம். ஒரு நிமிடத்தில் ஒரு பிள்ளையின் தப்பு எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. ஆகவே 'சரி' போட்டுக் கையெழுத்து வைக்கிறோம். நானும் போட்டிருக்கிறேன். பார்த்து எழுதியதற்கும் போட்டிருக்கிறேன், தப்பாக எழுதியதற்கும் தெரியாமல் போட்டிருப்பேன். திருத்த முடியாத வேலையைக் கொடுப்பதில் பிள்ளைக்கு மட்டும் நட்டமில்லை. எழுதியதை யாரும் வாசிப்பதில்லை என்று ஒரு குழந்தை எட்டு வயதிலேயே தெரிந்துகொள்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் பெரிய துயரம் அதுதான்.

இம்போசிஷனைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டனையாக ஒன்றை நூறு தடவை எழுதச் சொல்வதை நாம் இன்னும் விடவில்லை. எழுதுவதையே தண்டனையாக்கிவிட்டு, பிறகு பிள்ளைகளுக்கு எழுத்தில் ஆசையில்லை என்று வருந்துகிறோம். புராஜெக்ட் என்ற பெயரில் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் வாங்க ராத்திரி ஒன்பது மணிக்குக் கடை தேடி அலையும் தகப்பன்மாரை நாகர்கோவில் தெருக்களில் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி வேலையை வீட்டில் செய்வது யார் என்று எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண் போடுகிற ஆசிரியருக்கும் தெரியும்.

இப்போது அந்தப் பெண்பிள்ளைக்கு வருகிறேன். வீட்டுப்பாடத்தை எதிர்க்கும் நண்பர்கள் அவளை மறந்துவிடுகிறார்கள். நாளைக்கே வீட்டுப்பாடத்தை ஒழித்துவிட்டோம் என்று வையுங்கள். அவளுடைய அண்ணன் கிரிக்கெட் மட்டையை எடுப்பான், அவள் குடத்தை எடுப்பாள். நோட்டுப் புத்தகம் அவளுக்கு ஒரு வேலி. அந்த வேலியைப் பிடுங்குவதற்கு முன்னால் வேறு ஒரு வேலி நாம் கட்டித்தர வேண்டும்.

எங்கே கட்டுவது? பள்ளியிலேயே கட்டலாம். பிரான்சு 2017-இல் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு தொடங்கியது. வீட்டுக்குரிய வேலையைப் பள்ளி வளாகத்திலேயே, உதவிக்கு ஒருவர் பக்கத்தில் இருக்க, முடித்துவிட்டுப் போகலாம். நம்மிடமும் முன்மாதிரி உண்டு. கொரோனா காலத்து இழப்பை ஈடுசெய்ய 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' நினைவிருக்கும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு, பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள். சாயங்காலத்தில் பிள்ளைக்கு ஓர் இடமும் ஓர் ஆளும் வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட திட்டம் அது. எத்தனையோ சிறு பெண்கள் வீட்டு வேலையிலிருந்து ஒரு மணி நேரம் விடுபட்டு உட்கார அது உதவியிருக்கும்.

ஆகவே அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய தீர்ப்பை இன்று சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை எழுதும் வீட்டுப்பாடம் வேண்டாம். அரசு கொள்கை இதைவிடக் கொஞ்சம் இடம் தருகிறது, எனக்கு அதுவும் அதிகமாகத் தோன்றுகிறது. அந்தப் பிள்ளைகள் ஒரு பூப்பெயரையோ, தாத்தா நட்ட நெல்லின் பெயரையோ, தங்கள் கடற்கரையில் இந்த மாதம் வீசும் காற்றின் பெயரையோ கேட்டுக்கொண்டு வரட்டும். குளச்சலிலும் முட்டத்திலும் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், நம் பாடநூலில் இல்லாத மீன் பெயர்களைச் சொல்வார்கள். மறுநாள் முதல் மணியில் அவர்கள் சொல்வதை ஆசிரியர் கேட்க வேண்டும். கேட்பதுதான் அங்கே திருத்துவது.

ஆறாம் வகுப்புக்கு மேல் தனியே உட்கார்ந்து பழகும் பயிற்சி வேண்டும், மறுக்கவில்லை. அந்தப் பயிற்சி பள்ளியின் கடைசி மணியிலும் அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்திலும் நடக்கட்டும். விளங்காத கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது பக்கத்தில் விளங்கிய ஒருவர் இருக்க வேண்டும். ரப்பர் வெட்டுகிற தகப்பனை அந்த இடத்தில் உட்காரச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு ஆசிரியருக்கோ உதவியாளருக்கோ ஊதியம் கொடுக்க வேண்டும். இலவசமாக எதிர்பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்குக் கடைசிப் பஸ் தப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மலைப்பக்கத்துப் பள்ளிகளில் இது முக்கியம்.

வீட்டு வேலையும் பாடம்தான் என்று பெற்றோர் சொன்னால், நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தப் பாடம் அண்ணனுக்கும் உண்டு. பாத்திரம் கழுவ அவனும் உட்காரட்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி நம் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் சிலர் இங்கும் வந்திருக்கிறீர்கள். வருகிற ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கூடுகிற முதல் கூட்டத்தில் இரண்டு காரியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்புக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் போகிறது என்று பிள்ளைகளையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் மனப்பாடம் செய்துவந்ததை நிறுத்திவிட்டு வீட்டுப் பேச்சில் சொல்லத் தொடங்கும் வரை பொறுத்துக் கேளுங்கள். பிறகு, மாலை ஐந்தரை மணி வரை ஓர் அறையைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். விளக்கு எரிய வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், பெண்பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப வழி வேண்டும். அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அன்றைக்கே எழுதி முடித்துவிடுங்கள்.